பெட்டி வந்தது, பிடி விடவில்லை!

பெருமை பேசுகின்றனர் தோழர்களே, பழம்பெருமை! "சுற்றியிருந்த சீமையெல்லாம் கலெக்டர் துரையின் கண்ணசைவுக்குக் காத்துக் கிடந்த காலத்திலேயே, எங்கள் புதுவையில் வாக்குப்பெட்டி இருந்தது! சென்னை மாகாணத்தான் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் பாட்டன் மேயரைத் தேர்ந்தெடுத்தான்!" என்று மார்தட்டுகின்றனர். கடற்கரைச் சாலையில் உலாவும்போதும் பேசுகின்றனர், மேடையிலும் முழங்குகின்றனர், மலர்களிலும் எழுதுகின்றனர். கேட்கக் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இனிப்பதெல்லாம் மருந்தாகிவிடாதே! பாட்டன் வாக்களித்தான், சரி. யாருக்கு வாக்களித்தான்? எவர் சொல்லி வாக்களித்தான்? அந்த வாக்கினால் அவன் கண்ட வாழ்வு என்ன? இவற்றைக் கேட்டால் பெருமை பேசியோர் பேச்சை மாற்றுகின்றனர். இன்னும் ஒன்று கேட்போம். பாட்டனுக்கு இருந்த நகரவைத் தேர்தல் பேரனுக்கு எங்கே? இதைக் கேட்டவுடன் இடத்தையே காலி செய்துவிடுகின்றனர்.

கேட்பது நம் கடமை. கேள்வி கேட்பவனைப் பகுத்தறிவாளன் என்கிறோம். கேள்விக்கு அஞ்சுபவனைப் பழைமையின் காவலன் என்கிறோம். ஆகவே புதுவையின் பழைய வாக்குப்பெட்டியைத் திறந்து பார்ப்போம், வாருங்கள்.

பிரஞ்சுக்காரன் தந்த பெட்டி

பிரஞ்சு நாட்டிலே மூன்றாம் குடியரசு அமைந்த பின்னர், அதன் காற்று கடல் கடந்து இங்கும் வீசிற்று. 1871 முதல் பிரஞ்சிந்தியா மீண்டும் பாரிசுப் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பிற்று. 1872இல் தல சபைகள் தோன்றின. 1879இல் பொதுச்சபை அமைந்தது. 1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் வெளியான ஆணை நகரவைகளைப் பிறப்பித்தது. புதுவை, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என இப்பகுதியில் நான்கு, காரைக்காலில் மூன்று, மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஒவ்வொன்று, ஆகப் பத்துக் கொம்யூன்கள். 1907இல் பிரிவினை செய்து பதினேழாக்கினர்.

ரிப்பன் பிரபு இந்தியாவுக்குத் தல சுயாட்சி வேண்டும் என்று புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டது 1882இல். சென்னை மாகாணத்தில் தலக்கழகச் சட்டம் வந்தது 1884இல். ஆக, புதுவை ஆணை முந்தியது என்பது மெய். அங்கே வரி கட்டுவோர்க்கே வாக்கு. இங்கே வயது வந்த ஆண் எவனாயினும் வாக்கு. இதுவும் மெய். மெய்யை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. மெய்யின் பாதியை மட்டும் காட்டி மீதியை மறைப்பதைத்தான் மறுக்கிறோம்.

மறைத்த பாதி இதோ.

பெட்டியைத் தந்தவன் மக்களை ஒரே வரிசையில் நிற்க விட்டானா? இல்லை! பட்டியல் பிரித்தான். ஐரோப்பியர்க்கு ஒரு பட்டியல், இந்தியர்க்கு ஒரு பட்டியல். 1884இல் அதையும் மூன்றாக்கினான்: ஐரோப்பியர் முதற் பட்டியல், தம் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் இரண்டாம் பட்டியல், துறவாதோர் மூன்றாம் பட்டியல். ஒவ்வொரு பட்டியலும் தன் பங்குக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். தலைக்கணக்குப்படி பங்கா என்றால், இல்லவே இல்லை! ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்த பிரஞ்சிந்தியாவில் ஐரோப்பிய வாக்காளர் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரின் கைச்சீட்டு, பல்லாயிரம் பேரின் கைச்சீட்டுக்கு எதிர்நின்று எடை காட்டிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சுவரிலே எழுதிவைத்தவன், வாக்காளர் பட்டியலிலே அந்த நடுச்சொல்லை அடித்துவிட்டான்!

இந்தப் பட்டியல் பிரிவினை எத்தனை காலம் நீடித்தது? 1899இல் மூன்று இரண்டாயிற்று. ஆனால் இரண்டு ஒன்றாவதற்கு இரண்டாம் உலகப்போர் முடியவேண்டியிருந்தது. பெண்கள் வாக்களிக்கவும் அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1880இல் வந்த பெட்டி, புதுவைப் பெண்ணின் கைக்கு எட்ட அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. "எங்கள் பாட்டன் வாக்களித்தான்" என்று பெருமை பேசுவோரே, உங்கள் பாட்டி எங்கே நின்றாள்?

செருப்பணிந்த வழக்கறிஞரும் சீறியெழுந்த சாதியும்

இரண்டாம் பட்டியலின் கதையை ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருக்க வேண்டும்.

பொன்னுத்தம்பிப் பிள்ளை என்பார் ஒரு புதுவை வழக்கறிஞர். 1873இல் அவர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றார். குற்றமாம் அது! கறுப்பன் காலில் வெள்ளையன் செருப்பா என்று நீதி பீடம் சினந்தது. அவர் பணியவில்லை; பாரிசின் உயர்நீதிமன்றம் வரை வழக்கை இழுத்துச் சென்று வென்றார். செருப்பிலே தொடங்கிய போர் அதனோடு நின்றுவிடவில்லை. சாதிக்கொரு சட்டம், மதத்துக்கொரு சட்டம் என்றிருக்கும் வரை இந்நாட்டான் வெள்ளையனோடு சமனாக நிற்க முடியாது என்ற கருத்து வலுத்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை பிறந்தது. அதன்படி, அதிகாரியின் முன் சென்று, "சாதி மதத்தின் பேரால் வந்த தனிநிலையைத் துறந்தேன், பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். துறந்தது துறந்ததுதான், திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார். கதவு என்பது அப்பெயரின் பொருள்!

கதவு திறந்தது. யார் நுழைந்தனர்? கிறித்தவரும், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நிறுத்தப்பட்டிருந்தோரும் பெருமளவில் நுழைந்தனர். கோவில் வாசலில் தடுக்கப்பட்டவன், கிணற்றடியில் விரட்டப்பட்டவன், ஒரு கையெழுத்தால் 'நானும் குடிமகன்' என்று சொல்லத் துணிந்தான். வெள்ளையன் சட்டத்துக்குள் ஓடியதை விடுதலை என்று நாம் கொண்டாடவில்லை. ஆனால் சொந்த ஊர்ச் சட்டம் சோறும் நீரும் மறுக்கும்போது அயலான் சட்டத்தில் ஒண்ட ஓடினானே, அந்த ஓட்டத்துக்கு வெட்கப்பட வேண்டியவன் ஓடியவனா, விரட்டியவனா?

விரட்டியவன் வெட்கப்படவில்லை, வெகுண்டான். "மதத்துக்கு ஆபத்து! ஆசாரத்துக்கு ஆபத்து! குலவழக்கத்துக்கு ஆபத்து!" என்று கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலுக்குத் தலைமை தாங்கியவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். மூன்றாம் பட்டியலின் தலைவர். உயர்சாதியாரின் உறுதியான காவலர். கால் நூற்றாண்டுக் காலம் பொதுச்சபையும் நகரவைகளும் அவர் சொற்படி ஆடின. பாரிசிலிருந்து பாராளுமன்ற வேட்பாளர்கள் பலர் புதுவையைக் கண்ணாலும் காணாமலே இவ்வூரின் பேராளராயினர். இங்கே யாருக்கு வாக்குக் குவிய வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் சாதித் தலைவர்கள்.

வேடிக்கையைப் பாருங்கள் தோழர்களே! வாக்குரிமை புதியது; அதைக் கையாண்ட முறையோ மனு காலத்தது. 'ஓட்டு' என்ற சொல் பிரஞ்சுக் குடியரசினது. 'இன்னாருக்குப் போடு' என்ற கட்டளை பஞ்சாயத்து நாட்டாண்மையினது. சமத்துவத்தைத் தருவதற்கென்று வந்த பெட்டியையே சமத்துவத்தைத் தடுக்கும் பூட்டாக்கினர். மூன்றாம் பட்டியலில் எண்ணிக்கை மிகுதி. அந்த எண்ணிக்கையை உழைப்பாளி தந்தான், ஆட்சியைச் சாதித் தலைவன் கொண்டான். ஏர் பிடித்தவன் ஒருவன், கதிர் அறுத்தவன் வேறொருவன்!

முடிவு என்ன? 1899இல் இரண்டாம் பட்டியல் ஒழிந்தது. கல்வி, பதவி முதலிய நிபந்தனைகளை நிறைவு செய்த சிலர் மட்டும் ஐரோப்பியர் பட்டியலில் ஏறினர். மற்றையோர், எந்தச் சாதி ஆட்சியை விட்டு வெளியேறினரோ அதே கூட்டத்தோடு சேர்க்கப்பட்டனர். கதவு திறந்தது என்று நுழைந்தவன், மறுபக்கத்தில் சுவரைக் கண்டான்.

சீமையிலும் இதே கதை

"இது கறுப்பரின் குறை, மேனாட்டார் தேர்தல் தூய்மையானது" என்று சொல்லும் அடிமைப் புத்தியும் நமக்கு வேண்டா. அதே காலத்து ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே ஊர்ப்புறத்தின் வரியையும் சாலையையும் காவலையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுவந்தோர் 'வரி ஆணையர்' எனும் நிலப்பிரபுக்கள். அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. நிலம் இருந்தது, ஆகவே ஆண்டனர். 1889இல் சட்டம் வந்தது. 1890 பிப்ரவரியில் கோட்டம் தோறும் மாவட்ட அவைகளுக்கு முதல் தேர்தல் நடந்தது. குடியானவனும் கொல்லனும் வாக்களித்தனர். பெட்டி வந்தது!

பிடி விட்டதா? பல தொகுதிகளில் போட்டியே இல்லை. பழைய பண்ணையாரே புதிய உறுப்பினராய் அவைக்கு வந்து அமர்ந்தார். அதுவும் போதாதென்று, காவல்துறையும் பெருஞ்செலவுப் பணிகளும் 'கூட்டுக்குழு' ஒன்றின் கையில் விடப்பட்டன. அந்தக் கூட்டுக்குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பாதி என்றால், தேர்ந்தெடுக்கப்படாத அதே வரி ஆணையர்களுக்கும் இடம்! மக்கள் தேர்ந்த அவை பணம் செலவிட வேண்டுமானால் நிலப்பிரபுவின் தலையசைப்பும் வேண்டும். அங்கே நிலம் செய்ததை இங்கே சாதி செய்தது. ஆதிக்கம் வாக்குப்பெட்டியைக் கண்டதும் ஓடிவிடுவதில்லை. முதலில் எதிர்க்கிறது, எதிர்ப்புப் பலிக்காவிட்டால் உள்ளே புகுந்து அமர்கிறது, அதுவும் முடியாவிட்டால் பெட்டியையே ஒளித்துவைத்துவிடுகிறது.

இந்த மூன்றாம் நிலையைத்தான் நாம் புதுவையில் காண்கிறோம்.

விடுதலை தந்த அவையை வீழ்த்தியவர் யார்?

குறைபாடு நிறைந்ததாயினும் நகரவை ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் புதுவை விடுதலை பெற்றது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? 1954 மார்ச்சில் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டவை நகரவைகள். அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடி இணைப்பை முடிவு செய்தோர் 178 பேர். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. யார் அந்த 178 பேர்? பேராளர் சபை உறுப்பினரும் நகரவை உறுப்பினரும்! குடிநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினன்தான், ஒரு நாட்டின் எல்லைக்கோட்டையே மாற்றி எழுதினான். நவம்பர் முதல்நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறிற்று.

விடுதலைக்கு வாக்களித்த அவைக்கு விடுதலை தந்த பரிசு என்ன? 1968இல் ஒரு தேர்தல். அடுத்த தேர்தல் எப்போது? 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள்! 1968இல் வாக்களித்த இளைஞன் தலை நரைத்துப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனான். இடையில் 1973இல் நகராட்சிச் சட்டம் இயற்றினர், சிற்றூர்க்கும் கொம்யூனுக்கும் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றினர். சட்டம் இருந்தது, அவை இல்லை. சங்கு இருந்தது, ஊதுவார் இல்லை!

1993இல் இந்திய அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடத்தியே தீரவேண்டும். மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். தாழ்த்தப்பட்டோர்க்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் என்று தெளிவாக எழுதப்பட்டது. எழுதிய பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் தூங்கினர். 2006இல் ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் சிற்றூர்ப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. பின்னர்? மீண்டும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது! 2018இல் உச்சநீதிமன்றம் விரைந்து நடத்துக என்று சொல்லிற்று. 2021இல் நாள் குறிக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டுக் குளறுபடி வழக்காக மாற, நின்றுபோயிற்று. ஆண்டுகள் உருண்டன. 2006இல் பிறந்த குழந்தை வளர்ந்து வாக்காளராகிவிட்டது. அது தன் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த நாள் ஒன்றுகூட இல்லை.

நாம் பள்ளியிலே பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். குடிமையியல் புத்தகத்தில் 'உள்ளாட்சி' என்றொரு பாடம். "நகராட்சி உறுப்பினரை மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பர்" என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். "நம் வார்டு உறுப்பினர் யார், ஐயா?" என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்டால், பாடத்தைத் திருத்துவதா, ஊரைத் திருத்துவதா? பாடம் சரியாகத்தான் இருக்கிறது தோழர்களே. பிழை ஊரில் இருக்கிறது.

கடற்கரைச் சாலையில் நிற்கும் நகர மண்டபத்தைப் பாருங்கள். முதியோர் இன்றும் 'மேரி' என்றே அழைப்பர். பிரஞ்சுக்காரன் கட்டியது, நெடுங்காலம் பேணுவாரின்றி நின்று, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கண்ணீர் வடித்தனர், கட்டுரை எழுதினர், பழைய வடிவத்திலேயே எழுப்பிவிட்டனர். 2021இல் திறப்பு விழாவும் நடந்தது. சுவர் எழுந்தது, தூண் எழுந்தது, வெண்சாந்து பளிச்சிடுகிறது. அந்த மண்டபத்தில் அமரவேண்டிய மக்கள் அவை மட்டும் எழவில்லை! கட்டடம் இடிந்ததற்கு அழுதவர்களே, அவை இடிந்து கிடக்கிறதே, அதற்கு ஒரு துளிக் கண்ணீர் உண்டா? கூட்டை அலங்கரிக்கிறீர்கள், கிளி பறந்துபோய்ப் பல்லாண்டாகிறது.

சாக்குகளின் ஊர்வலம்

ஏன் நடத்தவில்லை என்று கேட்டால் சாக்குகள் ஊர்வலம் வருகின்றன. ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிப்போம்.

முதற் சாக்கு: "சின்னஞ்சிறு ஊர், சட்டமன்ற உறுப்பினர்களே தெருவுக்குத் தெரு இருக்கின்றனர், வார்டு உறுப்பினர் எதற்கு?" சட்டமன்றம் சட்டம் செய்யும் இடம். சாக்கடை அடைப்பை நீக்கவும், தெருவிளக்கைப் பொருத்தவும் சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் மக்கள் நிற்க வேண்டியிருப்பதுதான் நோய். அதையே மருந்து என்கின்றனர். உரிமையாகக் கேட்க வேண்டியதை உதவியாகப் பெற்றால், பெற்றவன் நன்றிக்கடன் பட்டவனாகிறான். நன்றிக்கடன் பட்டவனின் வாக்கு எவர் பையில் விழும் என்று சொல்லவும் வேண்டுமோ? சண்முக முதலியார் காலத்தில் சாதிப்பிடி, இக்காலத்தில் சலுகைப்பிடி. கைதான் மாறிற்று, கழுத்து மாறவில்லை.

இரண்டாம் சாக்கு: "தேர்தல் வந்தால் சண்டை வரும், சாராயம் ஓடும், பணம் புரளும், அதிகாரிகள் அமைதியாக நிர்வாகம் செய்கின்றனரே!" புதுவைத் தேர்தல்களில் தடியும் கள்ளவாக்கும் ஆடிய ஆட்டத்தை நாம் மறைக்கவில்லை. பிரஞ்சுக்காரன் காலத்திலிருந்தே அது இவ்வூரின் அவப்பெயர். ஆனால் சட்டமன்றத் தேர்தலிலே பணம் புரளவில்லையா? பாராளுமன்றத் தேர்தலிலே பரிசுப்பொருள் வரவில்லையா? அவற்றை நிறுத்திவிட்டனரா? வயலில் களை முளைத்தால் களை பறிப்பான் உழவன். விதைப்பதையே நிறுத்திவிடுவோம் என்பவன் உழவனல்லன், நிலத்தை அபகரிக்க வந்தவன்! அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்லவேண்டியது மேலதிகாரிக்கு. வார்டு உறுப்பினர் பதில் சொல்லவேண்டியது எதிர்வீட்டுக்காரிக்கு. அந்த வேற்றுமைக்குப் பெயர்தான் மக்களாட்சி.

மூன்றாம் சாக்குதான் நஞ்சு தோய்ந்தது: "எல்லாம் இட ஒதுக்கீட்டால் வந்த வினை! அந்த ஒதுக்கீட்டைக் கேட்காதிருந்தால் தேர்தல் எப்போதோ முடிந்திருக்கும்!" இதைச் சொல்லும்போது சிலர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கவனியுங்கள். பிற்படுத்தப்பட்டோர்க்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்க வேண்டுமானால், தனி ஆணையம் அமைத்து, புள்ளிவிவரம் திரட்டி, மொத்த ஒதுக்கீடு பாதிக்கு மேற்படாமல் வரையறுக்க வேண்டும் என்பது உச்சநீதிமன்றம் வகுத்த முறை. சரி, திரட்ட வேண்டியதுதானே? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கிலும் சேர்த்து மக்கள் ஏறக்குறைய 12 இலட்சத்து 48 ஆயிரம். இத்தனை தலைகளை எண்ண எத்தனை ஆண்டுகள் வேண்டும்? கட்டைவண்டியும் பாய்மரமும் ஓடிய 1884இல், மக்களைப் பிரிப்பதற்காக மூன்று பட்டியல் எழுத முடிந்தது அந்த அரசுக்கு! மக்களைச் சமன்செய்வதற்காக ஒரு கணக்கெடுக்க, மின்னல் வேகக் கணிப்பொறி இருந்தும் இந்த அரசுகளால் முடியவில்லையாம்! முடியவில்லையா, மனமில்லையா?

இட ஒதுக்கீடு தேர்தலைத் தடுக்கவில்லை. இட ஒதுக்கீட்டுக்கான கணக்கை எடுக்காத சோம்பல் தடுத்தது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மறைப்பது பழைய தந்திரம். கதவைத் தட்டியவன்மேல் பழிபோட்டு, கதவைப் பூட்டியவனைத் தப்பவிடும் தந்திரம்! தேர்தலையும் கேட்போம், ஒதுக்கீட்டையும் கேட்போம். ஒன்றுக்காக மற்றொன்றை விடு என்று சொல்வோனிடம், "நீ எதை விட்டாய்?" என்று திருப்பிக் கேட்போம்.

எண்ணிப் பாருங்கள். தேர்தல் நின்றதால் இழந்தது யார்? மாளிகைவாசிக்கு அமைச்சரைத் தெரியும், அதிகாரியைத் தெரியும். அவன் வேலை நடக்கிறது. இழந்தவள், மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒன்றைப் பெற்று நகரவைக்குள் நுழைந்திருக்கக்கூடிய மில் தொழிலாளியின் மகள். இழந்தவன், தனித்தொகுதியில் வென்று தலைவர் நாற்காலியில் அமர்ந்திருக்கக்கூடிய சேரிப் பிள்ளை. 1881இல் கையெழுத்துப் போட்டுக் குடிமகனாக முயன்றவனின் கொள்ளுப்பேரனுக்கு அரசியல் சட்டமே கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவுக்கு முன்னால் 'தேர்தல் இல்லை' என்று பலகை மாட்டிவிட்டனர். அன்று சாதி தடுத்தது வெளிப்படையாக. இன்று தாமதம் தடுக்கிறது நாசூக்காக. விளைவு ஒன்றுதானே?

செய்ய வேண்டியது என்ன?

பகுத்தறிவு இளைஞர்களே! பழைய கதையிலிருந்து இரு பாடங்கள் கற்கிறோம். பெட்டி மட்டும் வந்தால் போதாது; பெட்டிக்கு முன் நிற்பவன் மனத்திலிருந்து சாதி போகவேண்டும். இது முதற் பாடம். மனம் மாறட்டும், பிறகு பெட்டி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. பெட்டியில்லாத ஊரில் மனம் மாறியதை எதைக்கொண்டு அளப்பது? இது இரண்டாம் பாடம். வாக்குரிமைப் போரும் சாதி ஒழிப்புப் போரும் ஒரே வண்டியின் இரு சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் ஓட்ட முயன்ற வண்டி 1880இல் கவிழ்ந்ததைக் கண்டோம்.

ஆகவே, மன்றந்தோறும் இதைப் பேசுங்கள். படிப்பகந்தோறும் 74ஆம் திருத்தத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். வார்டுக்கு வார்டு வீடேறிச் சென்று, "உங்கள் தெருவுக்கு உறுப்பினர் இல்லை என்பது தெரியுமா?" என்று கேளுங்கள். குடிநீர்க் குறைக்குச் சட்டமன்ற உறுப்பினர் வாசலில் நிற்கும் தாயிடம், அவள் கேட்பது பிச்சையன்று, பறிக்கப்பட்ட உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு எந்தக் கட்சி வந்தாலும், நம் கொடியைப் பிடித்தே வந்தாலும், "உள்ளாட்சித் தேர்தல் எந்த மாதம்?" என்ற ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள். ஆண்டோர் பலர், கட்சிகள் பல, தேர்தலைத் தள்ளிப்போட்டதில் மட்டும் அவர்களிடையே தகராறு இருந்ததில்லை!

அந்தத் தேர்தல் வரும் நாளில் நமக்கும் ஒரு சோதனை உண்டு. அன்று, "நம்ம ஆளு" என்று காதோடு சொல்லிக்கொண்டு வருவான் ஒருவன். அவன் குரல் புதியது அன்று. மூன்றாம் பட்டியலின் குரல். நோட்டை மடித்து நீட்டுவான் மற்றொருவன். அவன் கையும் புதியது அன்று. இருவரையும் வாசலோடு திருப்பி அனுப்பும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவில்லாமல் தேர்தல் கேட்பது, கிணறு வெட்டிக் கேட்டுவிட்டுக் கயிற்றைப் பண்ணையார் வீட்டில் அடகு வைப்பதற்கு ஒப்பாகும்.

இனிமேல் பழம்பெருமை பேசுவோரைக் கண்டால் நிறுத்திச் சொல்லுங்கள்: "ஐயா, 1880இல் பெட்டி வந்த கதை கேட்டோம், மகிழ்ச்சி. அந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரும் போராட்டத்துக்கு வருகிறீரா? வந்தால் தோளோடு தோள் நிற்போம். வாராவிட்டால் வழிவிடும்!"

பிரஞ்சுக்காரன் தந்தது பாதி வாக்கு. சாதித் தலைவன் விட்டுவைத்தது கால் வாக்கு. தாமதம் அந்தக் காலையும் விழுங்கிற்று. முழு வாக்கை எவரும் தரப்போவதில்லை தோழர்களே. நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.